பலகையில் முதல் பேர்

வாடிப்பட்டி முத்துமீனாவுக்கு வெள்ளிக்கிழமை விரதம் கிடையாது. வெள்ளிக்கிழமை என்றால் அவளுக்குப் பலகைதான். மதுரை டவுன் ஹால் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் வீரணன் என்பவர் பாட்டுக் கடை வைத்திருக்கிறார். முதலில் கேசட் விற்றார், பிறகு சிடி, இப்போது பென்டிரைவ். கடைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. முளைப்பாரி சீசன் தொடங்கிவிட்டால், எந்தக் கும்மி ஆல்பம் எத்தனை விற்றிருக்கிறது என்று வெள்ளிக்கிழமை காலையில் அதில் வரிசையாக எழுதிப் போட்டோ எடுத்து, மைக் செட்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார்.

அந்தப் பலகைக்கு இந்தப் பக்கத்தில் தனி மதிப்பு. ஊர் ஊருக்குப் பெண்கள் மண் ஓட்டில் பயறு முளைக்கப் போட்டு, முளைப்பாரி தூக்கும் நாள்வரை சாயங்காலந்தோறும் வட்டமாக நின்று கும்மியடிப்பார்கள். அதற்கு எந்தப் பாட்டை வாங்கிப் போடுவது என்று மைக் செட்காரர்கள் பலகையைப் பார்த்துத்தான் முடிவுசெய்வார்கள். சீசன் கடைசியில் பலகையில் முதலாவதாக நிற்பவருக்கு மேலக்கரட்டுப்பட்டி முளைப்பாரியில் நேரில் நின்று பாடும் மேடை கிடைக்கும். அந்த மேடை ஏறினால் அடுத்த ஒரு வருஷத்துக்குக் கூப்பிட்ட ஊருக்கெல்லாம் போய்வர நேரம் இருக்காது. முத்துமீனா ஐந்து வருஷமாக அந்த மேடையை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

அவள் சும்மா வந்த ஆளில்லை. அப்பா மொக்கையனுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. ஊரார் வயலில் நாற்றுப் பறித்தே வளர்ந்த குடும்பம். பன்னிரண்டு வயதில் நடவுக்குப் போனாள். இவள் பாட்டெடுத்தால் வரிசையில் நிற்பவர்கள் குனிந்த முதுகை நிமிர்த்தாமல் நட்டு முடிப்பார்கள் என்று வயல்காரர்களே தேடி வருவார்களாம். பிறகு வாடிப்பட்டியில் மைக் செட் வைத்திருந்த பால்பாண்டிக்கு வாழ்க்கைப்பட்டாள். பொண்டாட்டி அடுப்படியில் பாடியதை அவன் போனில் பதிந்து ஒரு கோயில் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தான். கூட்டம் நின்று கேட்டது. அடுத்த மாதமே மதுரையில் ஒரு ஸ்டுடியோவில் பணம் கட்டினான். அப்படி ஏறியவள்தான். பலகையில் முதல் இடம் என்பது அவளுக்குக் கழுத்தில் கிடக்கும் தாலி மாதிரி, கழற்றி வைத்துப் பார்த்ததே இல்லை.

அந்த ஐந்து வருஷத்தில் நாலு வருஷம் அவளுக்குப் பின்பாட்டுப் பாடியவள் பவதாரிணி. திருநகர்ப் பெண், கப்பலூரில் ஒரு கம்பெனி ஆபீசில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டியில் வந்து, ‘அக்கா அக்கா’ என்று சுற்றிச் சுற்றி வருவாள். மூன்றாவது ஆல்பம் வந்த நேரம் யாரோ ஒருவர் போன் போட்டு, “பாட்டு நல்லாருக்கு, பின்னாடி பாடுற புள்ள யாரு?” என்று கேட்டுத் தொலைத்தார். அடுத்த ஆல்பத்தில் பின்பாட்டுக் குரலைக் கொஞ்சம் இறக்கி வைக்கும்படி ஸ்டுடியோக்காரரிடம் முத்துமீனா சொல்லிவிட்டாள். இதைப் பொறாமை என்று நாம்தான் சொல்வோம். அவளைக் கேட்டால், “எனக்கு என்னத்துக்குப் பொறாம?” என்பாள். சொல்லும்போதே மூக்கு விடைக்கும்.

போன புரட்டாசிக்கு ஒரு மாதம் இருக்கையில் பால்பாண்டி சாப்பாட்டுக்கு வந்தவன், கை கழுவுவதற்கு முன்பே சொன்னான். “மீனா, சங்கதி தெரியுமா? நம்ம பவதாரிணி தனியா ஆல்பம் போட்ருச்சு.”

முத்துமீனா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். “யார்ட்ட கேட்டுப் போட்டா?”

“யார்ட்ட கேக்கணும்? அத விடு, பாட்டச் சும்மா குடுக்குதாம்.”

“சும்மான்னா?”

“சும்மான்னா சும்மாதான். அது கம்பெனிக்கு ஊர் ஊருல இருந்து வேன்ல பொம்பளையாளுக வேலைக்கு வருதுல்ல, அம்புட்டுப் பேரு போனுக்கும் அனுப்பிவிட்ருச்சு. கடைக்குப் பென்டிரைவும் குடுத்திருக்கு. போன்ல வேணும்னா காசு இல்ல, கடையிலதான் காசு.”

முத்துமீனா சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. “கூறுகெட்ட கழுத! சும்மா கெடைக்கிறத எவன் கடையில போயி வாங்குவான்? பலகையில ஒரு பேரு கூட வராது” என்று சொல்லி, அன்றைக்குப் புருஷனுக்கு இரண்டு ஆம்லெட் கூடப் போட்டாள். பால்பாண்டிக்குக் காரணம் விளங்கவில்லை, ஆம்லெட் விளங்கியது.

முதல் வெள்ளிக்கிழமை அவள் சொன்னபடியே நடந்தது. பலகையில் முத்துமீனா முதலிடம், பவதாரிணி பேரே இல்லை. இரண்டாவது வெள்ளி எட்டாவதாக ஒட்டிக்கொண்டது. மூன்றாவது வெள்ளி நாலாவது. நாலாவது வெள்ளி, முத்துமீனாவுக்கு நேர் கீழே இரண்டாவது.

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. “சும்மா குடுத்த பாட்டக் காசு குடுத்து வாங்குறானுகளே, எல்லாவனுக்கும் புத்தி பெரண்டு போச்சா?” என்று பால்பாண்டியைப் பிடித்து உலுக்கினாள்.

பால்பாண்டி தொழில் தெரிந்தவன், பதமாக எடுத்துச் சொன்னான். “பொம்பளையாளுக வீட்ல, வேன்ல, வேலையில எந்நேரமும் போன்ல கேட்டுப் பழகிருச்சுக. கும்மிக்கு வந்து நின்னுக்கிட்டு, ‘அந்தப் பாட்டப் போடு’ன்னு மைக் செட்காரன உசுர வாங்குதுக. வாட்ஸ்அப்புல வந்த பாட்டக் குழாயில போட்டா கரகரங்குது. அப்புறம் அவன் பென்டிரைவு வாங்கித்தான ஆகணும்? நம்ம மைக் செட்டு அசோக்குமாரு நேத்து ரெண்டு வாங்கிருக்கான்.”

“நீங்க?”

பால்பாண்டி மேலே ஓடும் ஃபேனைப் பார்த்தான். “நான் வாங்கல.”

வாங்கியிருந்தால் அன்றைக்கு வாடிப்பட்டியில் மைக் செட் ஒன்று குறைந்திருக்கும்.

முத்துமீனாவுக்குக் கண்ணை மூடினால் அந்தப் பலகைதான் தெரிந்தது. அவளுடைய பேருக்கு அடியில் அந்தப் பேர், அடுத்த வாரம் ஒரு படி ஏறக் காத்துக்கொண்டு நிற்கிறது. இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் வழி கிடைத்துவிட்டது. கடையில் சரக்கு இருந்தால்தானே விற்கும்? இருக்கிற சரக்கு மொத்தத்தையும் நாமே தூக்கிவிட்டால்? புதுச் சரக்கு வர இரண்டு வாரம் ஆகும், அதற்குள் சீசன் முடிந்துவிடும். தன் மூளையை நினைத்து அவளுக்கே பெருமை தாங்கவில்லை.

தானே போனால் வீரணன் கண்டுபிடித்துவிடுவார். பால்பாண்டியின் அக்கா சீனியம்மாளைப் பிடித்தாள். “மதினி, மதுர வரைக்கும் போயிட்டு வரணும். பவதாரிணி கும்மின்னு கேட்டு, இருக்குறது அம்புட்டையும் வாங்கிட்டு வந்துருங்க.”

“ஏத்தா, அவள ஆகாதும்ப, அவ பாட்டயே மூட்ட கட்டச் சொல்ற?” என்றாள் சீனியம்மாள்.

“சொன்னதச் செய்யுங்க மதினி. உங்க தம்பிட்ட மூச்சு விட்றாதீக.”

சாயங்காலம் சீனியம்மாள் ஒரு கட்டைப்பையோடு வந்து இறங்கினாள். நாற்பத்தேழு பென்டிரைவ். ஒவ்வொன்றும் சிறு அட்டைப் பெட்டியில், ஒவ்வொரு பெட்டியிலும் பவதாரிணி பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். முத்துமீனா பீரோவில் சேலைக்கு அடியில் நாற்பத்தாறைப் புதைத்தாள். ஒன்றை மட்டும் சீல் பிரித்து எடுத்தாள். எதிராளி என்னதான் பாடியிருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள். எட்டுப் பாட்டு. முத்துமீனாவின் கும்மிக்கு எப்போதும் இரண்டு தட்டு. இது மூன்று தட்டுத் தட்டி ஒரு சுற்றுச் சுற்ற வேண்டிய பாட்டு. “இது என்ன கும்மியா, பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவா?” என்று வாய்விட்டே சொன்னாள். மறுபடி கேட்டாள். குறை கண்டுபிடிக்க மூன்றாம் தடவை கேட்டாள். சோறு பொங்கும்போது கேட்டாள், துணி காயப்போடும்போது காதில் செருகிக்கொண்டு கேட்டாள். ‘பாத்தி இல்லாத பயிரு, எங்க ஓட்டுக்குள்ள ஒசந்த பயிரு’ என்று ஒரு பாட்டு. அதில் ‘ஒசந்த’ என்கிற இடத்தில் பவதாரிணி குரலை அப்படியே மேலே தூக்கி நிறுத்தி, ஒரு சொடுக்கில் கீழே விடுவாள். அந்த இடம் வரும்போதெல்லாம் முத்துமீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்லாயில்லை என்று சொல்ல முடியாததுதான் அவளுக்குப் பெரிய கோபம். அந்தத் தூக்கு அவள் சொல்லிக்கொடுத்தது கூட இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பலகைப் போட்டோ வந்தது. பால்பாண்டி போனை நீட்டினான். முதலிடம், பவதாரிணி, முந்நூற்றுப் பன்னிரண்டு. இரண்டாவது, முத்துமீனா, இருநூற்றுத் தொண்ணூறு.

“எவனோ மொத்தமா நாப்பத்தேழு தூக்கிருக்கானாம் மீனா. அதுலதான் அந்தப் புள்ள ஏறிருச்சு” என்றான் பால்பாண்டி. “எந்த ஊருக்காரனோ, நல்லாருக்கணும்.”

முத்துமீனா பீரோ இருந்த அறைக்குள் போனாள். கடையில் பவதாரிணியை விற்கவிடாமல் செய்யப் போய், நாற்பத்தேழு தடவை அவளே விற்றுக்கொடுத்திருக்கிறாள். ஐந்து வருஷமாகப் பலகையைப் படித்த பொம்பளைக்கு, வாங்கினால் கணக்கில் ஏறும் என்பது எப்படித் தோன்றாமல் போனதோ தெரியவில்லை. வயிறு எரிகிறபோது மண்டைக்குள்ளும் புகைதான் மண்டும் போலிருக்கிறது. கட்டிலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். சத்தம் வெளியே கேட்காமல் அடித்துக்கொண்டாள்.

கடைசிப் பலகைக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. சீல் உடையாத சரக்கைத் திருப்பிக் கொடுத்தால் வீரணன் எடுத்துக்கொள்வார், எண்ணிக்கையிலும் கழித்துவிடுவார். அந்த வழக்கம் அவளுக்குத் தெரியும். ஆனால் சீனியம்மாள் கையை விரித்துவிட்டாள். “நான் போகமாட்டேன் சாமி. வாங்கினப்பவே அந்தாளு என்னய மேலயும் கீழயும் பாத்தாரு.”

திங்கட்கிழமை மத்தியானம், கடையில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து முத்துமீனாவே கட்டைப்பையோடு போய் நின்றாள். வீரணன் பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பலகையைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மனுஷன் சிரிக்காமல் இருந்தாரே, அதற்கே அவருக்கு ஒரு மாலை போடலாம்.

“ஏதோ கோயில் கமிட்டி வாங்குதுன்னுல்ல நெனச்சேன் தங்கச்சி” என்றபடி எண்ணினார். “நாப்பத்தாறுதான் இருக்கு.”

“ஒண்ணு சீல் ஒடஞ்சு போச்சுண்ணே.”

“தானா ஒடஞ்சதா, கேட்டு ஒடஞ்சதா?”

முத்துமீனாவுக்குக் காது இரண்டும் சுட்டது. “அண்ணே, யார்ட்டயும் சொல்லிறாதீங்க. உங்களக் கும்பிட்டுக் கேக்குறேன்.”

“நான் எதுக்குச் சொல்லப்போறேன்? வித்தது எம்புட்டோ அதான் எழுதுறேன். திரும்பி வந்தது விக்கல. அம்புட்டுத்தான்” என்றார் வீரணன். அந்த வெள்ளிக்கிழமை பலகையில் முத்துமீனா மறுபடி முதலிடம். ஆறாவது வருஷமும் மேலக்கரட்டுப்பட்டி மேடை அவளுக்கு.

ஜெயித்தவளால் சும்மா இருக்க முடியவில்லை. தோற்றவளுக்கு ஆறுதல் சொல்லுகிற சுகம் ஒன்று பாக்கி இருந்தது. பவதாரிணிக்குப் போன் போட்டாள். “இந்தத் தடவ ரெண்டாவதாப் போயிட்டன்னு மனசு விட்றாத தாயி. வயசு இருக்கு.”

“எதுலக்கா ரெண்டாவது?” என்றாள் பவதாரிணி.

“பலகையிலதான்.”

“அய்யய்யோ, நான் அதப் பாக்கவே இல்லக்கா! பாட்டு கேட்டுட்டு ஊர் ஊருல இருந்து போனு. ஐப்பசி வரைக்கும் ஒரு ஞாயித்துக்கெழம மிச்சமில்ல. நானே உங்களக் கூப்பிடணும்னு இருந்தேன், நீங்க நல்லாருக்கீங்களாக்கா?”

நல்லாயிருப்பதாகச் சொல்லிப் போனை வைத்தாள் முத்துமீனா. இவள் எந்த இடத்துக்காக மானத்தைக் கட்டைப்பையில் கட்டிக்கொண்டு மதுரைக்கும் வாடிப்பட்டிக்கும் அலைந்தாளோ, அந்த இடம் ஒன்று இருப்பதே பவதாரிணிக்கு நினைவில்லை. அவள் கொஞ்சம் அழுதிருந்தாலாவது இவளுக்கு மனசு ஆறியிருக்கும்.

மேலக்கரட்டுப்பட்டியில் கடைசி நாள் கும்மி, சாயங்காலம் ஐந்து மணிக்கு. அன்றைக்கு மட்டும் பால்பாண்டியின் மைக் செட். அம்மன் கோயில் முன்னால் நூறு பெண்களுக்கு மேல் வட்டம் கட்டி நின்றார்கள். முத்துமீனா அரக்குப் பட்டில் மேடையேறி, தன் ஆல்பத்தின் முதல் பாட்டை எடுத்தாள். தொண்டை நன்றாகத்தான் இருந்தது. கீழேதான் என்னவோ தப்பாயிருந்தது.

இரண்டு தட்டுத் தட்ட வேண்டிய இடத்தில் பெண்கள் மூன்று தட்டினார்கள். பாட்டு முன்னால் போக, பாதிப் பேர் சுற்றினார்கள், பாதிப் பேர் நின்றார்கள். ஒருத்தியின் முழங்கை இன்னொருத்தியின் நெற்றியில் இடித்தது. வட்டம் நசுங்கி ஒரு பக்கம் கோணிக்கொண்டது. எட்டு நாளாக அந்த ஊர்ப் பெண்கள் பழகியது வேறொரு செட்டில் போட்ட பவதாரிணி பாட்டுக்கு. கை அதற்குத்தான் பழகியிருந்தது, இனி ஒரு சாயங்காலத்தில் மாறாது. முத்துமீனா அடுத்த பாட்டுக்குப் போனாள். அதுவும் அப்படித்தான். நடுவில் ஒரு பெண் கையை இறக்கிவிட்டு நின்றுவிட்டாள், அவளைப் பார்த்து நாலு பேர் நின்றார்கள்.

அம்மன் முன்னால் கும்மி நின்றால் ஊர் சும்மா விடாது. முத்துமீனா மைக்கை இறுக்கிப் பிடித்தாள். அந்த நிமிஷம் அவள் மனசுக்குள் வந்த வார்த்தைகளை எழுத முடியாது. பிறகு வாயைத் திறந்தாள். ‘பாத்தி இல்லாத பயிரு...’

ஊர் ஓவென்று சத்தம் போட்டது. நூறு ஜோடிக் கைகள் ஒன்றாக மூன்று தட்டின, நூறு பேரும் ஒன்றாகச் சுற்றினார்கள். ‘ஒசந்த’ என்ற இடத்தில் முத்துமீனா குரலைத் தூக்கி நிறுத்தி, பவதாரிணியைவிட ஒரு மூச்சு அதிகம் பிடித்துவிட்டுத்தான் இறக்கினாள். அந்த ஒரு மூச்சு அவளுடையது. எட்டுப் பாட்டையும் ஒரு வரி தவறாமல் பாடினாள். பால்பாண்டி செட்டுக்குப் பின்னால் இருந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

முடிந்து இறங்கியதும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ராமக்காள் என்று ஒரு பொம்பளை, நெற்றியெல்லாம் வியர்வையும் திருநீறுமாக, முத்துமீனாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“நேர்ல வந்து பாடி எங்க வயித்த நெறச்சுட்ட தாயி. போன் படத்துல சின்னப்புள்ளயா இருந்த, ஆளு கொஞ்சம் தடிச்சிட்டியோ? நீதான பவதாரிணி?”

“நான் பவதாரிணி இல்லக்கா. முத்துமீனா.”

“அது யாரு?”

“இதுக்கு முந்தி அஞ்சு வருசமா நீங்க கும்மியடிச்சதெல்லாம் என் பாட்டுக்கா. வருசா வருசம் இதே மேடையில நின்னு பாடுனேன். ‘வேப்பில கட்டி வெளக்கேத்தி’ன்னு வருமே, அது நான்தான்.”

ராமக்காள் கண்ணைச் சுருக்கி யோசித்தாள். பிறகு முகம் விரிந்தது. “அட, அந்தப் பாட்டா! குனிஞ்சு தட்டுறப்ப மேடைய யாரு பாத்தா? அது மைக் செட்டுப் பாட்டுல்ல?” என்று சொல்லிவிட்டு, முளைப்பாரியைப் பார்க்கப் போய்விட்டாள்.

திரும்பும்போது வண்டியில் குழாய்களுக்கும் பெட்டிகளுக்கும் முன்னால், புருஷனுக்குப் பக்கத்தில் முத்துமீனா உட்கார்ந்திருந்தாள். பாதி தூரத்தில் கேட்டாள்.

“அஞ்சு வருசமா ஊர் ஊருக்கு எம் பாட்டப் போட்டீங்களே. ஒரு நாளாச்சும் மைக்குல எம் பேரச் சொன்னீங்களா?”

பால்பாண்டி தலையைச் சொறிந்தான். “கட்டுன பொண்டாட்டி பேர நானே மைக்குல சொன்னா, நாலு பேரு என்ன நெனப்பான் மீனா?”

“நாலு பேருக்கும் தெரியவே இல்லையே” என்றாள் முத்துமீனா.

கைப்பையைத் திறந்து சீல் உடைந்த அந்த ஒரு பெட்டியை எடுத்தாள். அட்டையில் பவதாரிணி சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்புக்குக் கீழே கொட்டை எழுத்தில் பேர், பேருக்குக் கீழே போன் நம்பர். முத்துமீனா அதை ஜன்னல் வழியே வீசப் போனவள், கையை இழுத்துக்கொண்டாள். அவளுடைய ஆல்பம் அத்தனையின் அட்டையிலும் அம்மன் படம் மட்டும்தான் இருந்தது.